அகஸ்ரின் அண்ணையின் இடது காது

ரொறன்ரோவில் ஃபின்ச் வீதி மண்டபமொன்றில் கலியாண வரவேற்பு. தொண்ணூற்றைந்தாம் ஆண்டு பிறந்து அதிக நாளாகவில்லை. மணமக்கள் கேக் வெட்டிவிட்டு மேசை மேசையாகப் போய்ப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் இசைக்குழுவில் நான் பாஸ் கிற்றார். அகஸ்ரின் அண்ணை கீபோட் வாசித்துக்கொண்டே பாடுவார். அன்றைக்குப் பாட்டின் நடுவில் வாயை மூடினார். கைகள் மட்டும் ஓடின. பிறகு என் பக்கம் சாய்ந்து சொன்னார்.

"பத்மன், கீபோட் ஏறி நிக்குது. உமக்குக் கேக்கேல்லையோ?"

எனக்குக் கேட்கவில்லை. கீபோட்டும் என் கிற்றாரும் ஒரே சுருதியில்தான் நின்றன. "சரியாத்தான் கிடக்கு அண்ணை" என்றேன். அவர் நம்பவில்லை. அந்தப் பாட்டு முடிந்ததும் கீபோட்டின் பின்புறம் குனிந்து சுருதித் திருகியைக் கொஞ்சம் இறக்கினார். அடுத்த பாட்டின் முதல் அடியிலேயே என் முதுகு கூசியது. கீபோட் ஒரு பக்கம் போனது, நாங்கள் ஒரு பக்கம் போனோம். கிற்றார் வாசித்த ஸ்ரீஸ்கந்தராசா தன் கம்பிகளைத் தடவிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். முன் மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் கரண்டியை வைத்துவிட்டு மேடையைப் பார்த்தார். அகஸ்ரின் அண்ணை மட்டும் முகம் தெளிந்து, எல்லாம் சரியாகிவிட்டது என்ற மாதிரிப் பாடிக்கொண்டிருந்தார்.

அவரிடமிருந்து இப்படியொரு பிழை வரும் என்று எங்களில் ஒருவரும் நினைத்ததில்லை.

அகஸ்ரின் அண்ணை யாழ்ப்பாணத்துக் குருநகர்க்காரர். சின்ன வயதில் கத்தோலிக்கக் கோயிலில் காலால் மிதித்து வாசிக்கும் ஆர்மோனியத்தில் கை வைத்தவர். படிப்பு ஏறவில்லை என்று தகப்பன் கொழும்பில் ஒரு கடைக்கு அனுப்பினார். கடைக்குப் பின்னால் இருந்த வீட்டில் ஐரோப்பிய வழிவந்த பறங்கிப் பொடியள் சிலர் பாண்ட் ஒன்று வைத்திருந்தார்கள். ஒருநாள் பாடுகிறவன் வராதபோது, சுவருக்கு இந்தப் பக்கம் நின்றே எல்லாப் பாட்டையும் பாடமாக்கியிருந்த அகஸ்ரின் அண்ணை போய்ப் பாடினார். அதற்குப் பிறகு கடைக்குத் திரும்பவில்லை. எழுபதுகள் முழுக்கக் காலிமுகத்திடலுக்குக் கிட்டவுள்ள ஹொட்டேல்களில் ஆங்கில ரொக் பாட்டுத்தான் அவருடைய சோறு. தோள்வரை தலைமயிர். ஆங்கிலம் பேசச் சொன்னால் தடுமாறுவார், பாடச் சொன்னால் வெள்ளைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவருடைய மனைவி பேர்ணடெற் அக்கா அவரை முதலில் பார்த்ததும் அப்படியொரு ஹொட்டேலில்தான், தன் தமையனின் கலியாணத்தில்.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் பாண்ட் உடைந்தது. டிரம்ஸ் அடித்த சிங்கள நண்பர் அவரையும் அக்காவையும் கைக்குழந்தை மெலிசாவையும் தன் வீட்டு அறையில் பூட்டி வைத்துக் காப்பாற்றினார். ஆனால் அந்த ஊரில் மறுபடி மேடையேற அகஸ்ரின் அண்ணைக்கு மனம் வரவில்லை. பஹ்ரைனில் ஒரு ஹொட்டேலில் சில வருடம் பாடினார். பிறகு குடும்பத்தோடு ரொறன்ரோ.

இங்கே வந்ததும் ஒரு வாத்தியக் கடையின் பலகையில் "பாடகர் தேவை" என்று ஒட்டியிருந்ததைப் பார்த்துப் போனார். டக் என்பவருடைய பாண்ட் அது. பார்களில் வாசிப்பவர்கள். அகஸ்ரின் அண்ணை மூன்று பாட்டுப் பாடிக் காட்டினார். அவர்கள் கை தட்டினார்கள். கீபோட்டும் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்றார். அப்படியானால் கீபோட்டுக்கு வா, மேல் சுருதியில் கூடப் பாடு, முன்னால் நின்று பாடுவதற்கு வேறு ஆள் பார்க்கிறோம் என்றார் டக். ஏன் என்று அவர் கேட்கவில்லை. பேர்ணடெற் அக்காதான் பின்னொருநாள் என்னிடம் சொன்னா: "கண்ணை மூடிக்கொண்டு கேட்டிருந்தா எடுத்திருப்பாங்கள் தம்பி."

டக்கின் பாண்டோடு வான் வண்டியில் சட்பரி, தண்டர் பே என்று தூரத்து ஊர்கள் சுற்றினார். சின்னச் சின்ன மேடைகள். டிரம்ஸும் அவரும் முட்டிக்கொண்டு நிற்க வேண்டும். டிரம்ஸின் பித்தளைத் தட்டுக்கள் அவருடைய இடது காதுக்குப் பக்கத்தில் வருடக்கணக்காக முழங்கின. அதை அப்போது யார் கவனித்தது?

அதைவிட, கென்னடி வீதிப் பக்கம் தொழிற்பேட்டைக்குள் டெனிஸ் என்ற போர்த்துக்கீசருடைய ஒலிப்பதிவு ஸ்ரூடியோ இருந்தது. அங்கே யாருக்குக் கீபோட் தேவையென்றாலும் அகஸ்ரின் அண்ணைக்குத்தான் அழைப்பு. தளபாடக் கடை விளம்பரம், கிரேக்கப் பாடகரின் காதல் பாட்டு, கயானாக்காரரின் சேர்ச் பாட்டு, முருகன் பக்திப்பாடல் கசற், எல்லாவற்றிலும் அவருடைய விரல்கள் இருக்கும், பேர் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசையில் ஓர்கன். சனிக்கிழமைகளில் எங்களோடு கலியாண வீடு. நான் மார்க்கம் நகரத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டு பொழுதுபோக்காக வாசித்தவன். அவருக்கு வேறு தொழிலே இல்லை. தெரியவும் தெரியாது.

அந்தக் கலியாணத்துக்குப் பிறகு கீபோட்டைக் காரில் ஏற்றிக்கொண்டு நகரத்துக்குள் ஒரு திருத்துகிற கடைக்குப் போனோம். அங்கிருந்த வெள்ளைக்காரர் சுருதி பார்க்கும் கருவியை இணைத்து ஒவ்வொரு கட்டையாக அமுக்கினார். முள் ஒவ்வொரு முறையும் நட்டநடுவில் நின்றது. "இதில் ஒரு பிழையும் இல்லை" என்றார். அகஸ்ரின் அண்ணை தானும் அமுக்கிப் பார்த்தார். முள்ளைப் பார்த்தார். மறுபடி அமுக்கினார். அவருடைய மேலுதட்டில் வியர்த்திருந்தது.

அடுத்த நாள் எனக்கு ரெலிபோன் எடுத்தார்.

"பத்மன், நான் வைச்ச பிறகு நீர் ரிசீவரை எடுத்து அந்த நீட்டுச் சத்தத்தைக் கேளும். முதல் வலது காதில, பிறகு இடது காதில."

கேட்டுவிட்டு அவருக்குத் திருப்பி எடுத்தேன். "ஓம் அண்ணை, கேட்டனான்."

"ரெண்டிலயும் ஒண்டோ?"

"ஒண்டுதான்."

"எனக்கு இடதில ஏறி நிக்குது" என்றார். "முக்கால் சுரம். பேர்ணடெற் கதைச்சாலும் ரெண்டு பொம்பிளையள் கதைக்கிற மாதிரிக் கிடக்கு. ஒருத்தரிட்டையும் சொல்லாதேயும்."

காது டொக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். கண்ணாடி அறைக்குள் இருத்திச் சத்தங்களை விட்டுச் சோதித்தார்கள். இடது காதின் நரம்பு கெட்டுவிட்டது, ஒரே சத்தத்தை அந்தக் காது வேறு உயரத்தில் மூளைக்குச் சொல்லுகிறது, அது திரும்பி வராது, கூடலாம் என்று டொக்டர் சொன்னார். வலது காது நன்றாகவே இருந்தது. நல்ல காது ஒன்று இருப்பது பெரிய விஷயம் என்று ஆறுதலாகச் சொன்னார். அகஸ்ரின் அண்ணை தலையாட்டினார். காரில் ஏறியபிறகு, "நல்ல காது உண்மை சொல்லுது, மற்றது பக்கத்தில நிண்டு பொய் சொல்லுது. நான் எதைப் பத்மன் பாடுறது?" என்றார்.

வீட்டில் சொல்லவில்லை. இடது காதுக்குள் பஞ்சை அடைத்தார், மெழுகை உருக்கி அடைத்தார். பலமான சத்தங்கள் எலும்பு வழியாகவேனும் உள்ளே போய்விடும். மெதுவான பாட்டென்றால் சமாளிப்பார். எங்கள் குழுவில் நான் அவருடைய வலப்பக்கம் நின்று, அவர் சுருதி ஏறும்போது காலால் அவருடைய பாதத்தை மிதிப்பேன். அப்படிச் சில கலியாணங்கள் ஓடின.

மாசி மாதக் கடைசியில் டெனிஸ் அழைத்தார். கொலின் என்ற இங்கிலாந்துப் பாடகர் ரொறன்ரோவில் ஒரு இசைத்தட்டுப் பதிவு செய்கிறார், ஓர்கனும் கூடப் பாடும் மேல் குரலும் வேண்டும், உன்னைவிட்டால் ஆளில்லை என்றார். அந்தக் கொலினின் பாட்டுகளைக் கொழும்பில் அகஸ்ரின் அண்ணை ஆயிரம் தரம் பாடியிருப்பார். அவருடைய மூச்சு எந்த இடத்தில் முறியும் என்பதுகூட இவருக்குத் தெரியும்.

"போகாதேயுங்கோ அண்ணை" என்றேன். "சுகமில்லை எண்டு சொல்லுவம்."

"நான் என்ர வாழ்க்கையில கேட்டது இது ஒண்டுதான்" என்றார். "நீர் காரை எடும்."

ஸ்ரூடியோவின் பின்சுவரோரம் இருந்த கதிரையில் நான் இருந்தேன். கொலின் உயரமான, மெலிந்த மனிதர். குரல் தேய்ந்திருந்தது. வெகு மரியாதையாகக் கை கொடுத்தார். ஓர்கன் பகுதி முதலில். அகஸ்ரின் அண்ணைக்கு அதில் காது தேவைப்படவில்லை, விரல்களுக்கு எல்லாம் தெரியும். கொலின் கண்ணாடிக்கு எங்கள் பக்கம் நின்று தலையை ஆட்டி ரசித்தார். இரண்டாவது எடுப்பிலேயே பதிவு முடிந்துவிட்டது. அகஸ்ரின் அண்ணையின் முகத்தில் அன்று நான் கண்ட சந்தோசத்தை முன்னொருபோதும் கண்டதில்லை. எனக்கும் நம்பிக்கை வந்துவிட்டது.

பிறகு மேல் குரல். ஹெட்போனைப் போட்டார். இரண்டு காதிலும் பாட்டு வந்தது. அவர் பாடினார். டெனிஸ் மைக்கில், "கொஞ்சம் ஏறுது, இன்னொருக்கால்" என்றார். மறுபடி பாடினார். இந்தத் தடவை இறக்கிப் பாட நினைத்து அளவுக்கு மிஞ்சி இறங்கிவிட்டார். நான்காம் எடுப்பில் ஹெட்போனின் இடது பக்கத்தைப் பின்னுக்குத் தள்ளினார். ஆனால் பயம் வந்துவிட்டால் குரல் கேட்காது. கழுத்து நரம்பு புடைக்கப் பாடினார். தன் குரலே தன் தலைக்குள் இரண்டாகப் பிளந்து கேட்டதாம். கொலின் டெனிஸிடம் ஏதோ மெதுவாகச் சொன்னார். டெனிஸ் எழும்பி உள்ளே போனார்.

"அகஸ்ரின், இண்டைக்கு இவ்வளவும் போதும். ஓர்கன் அருமை. குரலுக்கு நாளைக்கு வேறொரு ஆளை வைக்கிறன்."

"இன்னொருக்கால் பாடுறன்" என்றார் அகஸ்ரின் அண்ணை.

"வேண்டாம்."

"ஒரே ஒருக்கால்."

டெனிஸ் மைக்கின் வயரைச் சுற்றத் தொடங்கினார். கொலின் வந்து அகஸ்ரின் அண்ணையின் தோளில் கை வைத்தார். "எங்கள் எல்லாருக்கும் இப்படி நாட்கள் வரும்" என்றார். அந்த மனிதர் அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அகஸ்ரின் அண்ணை அந்தக் கையின் கீழ் குறுகிப்போய் நின்றதை நான் பார்த்தேன். சில கிழமைகள் கழித்து ஓர்கனையும் வேறொருவரை வைத்து மாற்றி எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். காரணம் தெரியாது.

அதற்குப் பிறகு அவர் எதற்கும் வரவில்லை. கலியாண வீடுகளுக்கு நாங்கள் வேறு ஆளைப் பிடித்தோம். கோயிலில் ஓர்கன் மூடிக் கிடந்தது. ஈஸ்ரருக்கு முந்திய தவக்காலம் நடந்துகொண்டிருந்ததால், வாத்தியம் இல்லாமல் பாடுகிறார்கள் என்று சனம் நினைத்துக்கொண்டது.

ஒரு பின்னேரம் பேர்ணடெற் அக்கா எனக்கு ரெலிபோன் எடுத்தா. முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் அவவுக்கு வேலை.

"தம்பி, ஒருக்கால் வந்திட்டுப் போங்கோ. இந்த மனுசன் கீபோட்டைக் கொண்டுபோய் பல்கணியில வைச்சிருக்கு. பனி கொட்டுது."

அவர்கள் அஜின்கோர்ட்டில் ஒரு அடுக்குமாடியின் ஒன்பதாம் மாடியில் இருந்தார்கள். நான் போனபோது கீபோட்டின் மேல் ஒரு சாண் உயரத்துக்குப் பனி. அக்கா ஏற்கனவே ஒருதரம் அதை உள்ளே இழுத்து வந்து துவாயால் துடைத்திருக்கிறா. அவ குளியலறைக்குப் போன நேரம் பார்த்து இவர் திரும்பவும் வெளியே வைத்துவிட்டார். மெலிசா தன் அறைக் கதவுக்குள் நின்று அழுதுகொண்டிருந்தாள். அகஸ்ரின் அண்ணை சோபாவில், ரீவியின் முன்னால், சத்தத்தை முற்றாக நிறுத்திவிட்டு இருந்தார்.

"அப்பா இப்ப எல்லாத்தையும் மியூட்ல போட்டிட்டுப் பாக்கிறார்" என்றாள் மெலிசா. "ஐ டோன்ற் நோ வட்ஸ் ரோங் வித் ஹிம், அங்கிள்."

அன்றைக்குத்தான் நான் அவர்களுக்கு உண்மையைச் சொன்னேன். அவர் என்னைத் தடுக்கவில்லை. அக்கா கேட்டுமுடித்துவிட்டு அவருக்குப் பக்கத்தில் இருந்து, "இவ்வளவு நாளும் நான் கதைக்கேக்க முகத்தைச் சுளிச்சது இதுக்கோ?" என்றா. "நான் உங்களுக்கு என்னில வெறுப்பு எண்டெல்லோ நினைச்சனான்."

அவர் அவவின் கையைப் பிடித்தார்.

அடுத்த முறை டொக்டரிடம் போனபோது அக்காவும் வந்தா. அகஸ்ரின் அண்ணை தன் உடைந்த ஆங்கிலத்தில் ஒன்றைக் கேட்டார். அந்தக் காதை முழுக்கச் செவிடாக்கிவிட முடியுமா என்று. டொக்டருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் பேனையைக் கீழே வைத்தார். காது ஓரளவு கேட்கிறது, கேட்கிற காதை அழிக்க மாட்டேன், நரம்பை வெட்டினால் நடக்கும்போது தலை சுற்றும், முகம் கோணலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"முகம் கோணட்டும்" என்றார் அகஸ்ரின் அண்ணை தமிழில். என்னைப் பார்த்து, "சொல்லும் பத்மன். முகம் எனக்குத் தேவையில்லை எண்டு சொல்லும்" என்றார்.

நான் சொல்லவில்லை. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டா.

எங்கள் குழு என் வீட்டு நிலவறையில்தான் ஒத்திகை பார்க்கும். பெட்டிகளும் ஸ்பீக்கர்களும் ஒரு பழைய கீபோட்டும் எப்போதும் அங்கேதான் கிடக்கும். அகஸ்ரின் அண்ணையிடமும் வீட்டுக் கதவுக்கு ஒரு திறப்பு இருந்தது. சித்திரை தொடங்கியிருந்தது. ஒருநாள் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதாகி மத்தியானத்தோடு எங்களை அனுப்பிவிட்டார்கள். வீட்டு வாசலில் காரை நிறுத்தும்போதே நிலம் அதிர்வதை உணர்ந்தேன். பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் முற்றத்தில் நின்று என் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவைத் திறந்ததும் ஒரு ஒற்றைச் சுரம் முகத்தில் அறைந்தது. முடிவில்லாமல் ஊதிக்கொண்டே இருந்தது.

படியிறங்கினேன். கீபோட்டில் ஒரு கட்டையை அமுக்கி அதன்மேல் ஒட்டுநாடா ஒட்டியிருந்தது. ஸ்பீக்கர் முழுச் சத்தத்தில் வைக்கப்பட்டிருந்தது. அகஸ்ரின் அண்ணை அதன் முன் முழங்காலில் இருந்து இடது காதை ஸ்பீக்கரோடு ஒட்டிப் பிடித்திருந்தார். வலது காதுக்குள் மெழுகு, அதன்மேல் துவாயைச் சுற்றி, அதையும் உள்ளங்கையால் பொத்தியிருந்தார். கண்கள் இறுக்க மூடியிருந்தன. நான் கூப்பிட்டது அவருக்குக் கேட்கவில்லை. எனக்கே என் குரல் கேட்கவில்லை.

பிளக்கைப் பிடுங்கினேன். சத்தம் நின்றதும் அவர் கண் திறந்தார். என்னைக் கண்டு வெட்கப்படவில்லை, கோபப்பட்டார்.

"ஏன் நிப்பாட்டினீர்?" கத்தித்தான் பேசினார். "கொஞ்ச நேரத்தில செத்திருக்கும்."

"என்ன செத்திருக்கும்?"

"காது. இந்தக் காது."

"மற்றதும் போனால் என்ன செய்வியள்?"

அவர் துவாயை அவிழ்த்தார். மெழுகை எடுத்தார். பிறகு அப்படியே இருந்தார். அவருடைய முகம் மெல்ல மெல்ல மாறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "பத்மன்," என்றார், இப்போது சத்தமில்லாமல், "வலதிலயும் இரையுது."

அந்தப் பயத்தை என்னால் எழுத முடியாது. ஒரு மனிதன் தன் வீட்டுக்குத் தானே நெருப்பு வைத்துவிட்டு, உள்ளே பிள்ளை இருப்பதை நினைத்துக்கொண்ட மாதிரி இருந்தது அவருடைய பார்வை. அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். அவசரப் பிரிவில் இருந்த இளம் டொக்டர் மாத்திரை கொடுத்து, காத்திருந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றார். பேர்ணடெற் அக்கா வேலை உடுப்போடேயே ஓடி வந்தா. நடந்ததைச் சொன்னோம். அவ திட்டவில்லை, அழவில்லை. அவருடைய தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு அந்த வரிசைக் கதிரைகளுக்கு நடுவில் நின்றா. எத்தனையோ பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வலது காதின் இரைச்சல் குறையக் கன நாள் எடுத்தது. அந்த நாட்களில் அவர் வீட்டுக்குள் காலணி போடாமல் நடந்தார். கோப்பையை மேசையில் வைக்கும்போது கீழே துணியை விரித்தார். காலையில் எழும்பியதும் அக்கா வலது பக்கம் வந்து "கேக்குதோ?" என்று மெதுவாகக் கேட்பா. அவர் "ஓம்" என்பார். அதற்குப் பிறகுதான் தேத்தண்ணி. எங்களுடைய வீட்டிலும் ஒருவரும் உரத்துப் பேசவில்லை. அவர் அங்கே இல்லாதபோதும் அப்படித்தான்.

கோடையில் வலது காது தெளிந்தது. இடது காது ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, இலையுதிர் காலத்தில் முற்றாக அடைத்துவிட்டது. என் நிலவறையில் நடந்ததாலா, அந்த நோய் போகிற வழியே அதுவா என்று டொக்டராலும் சொல்ல முடியவில்லை. அகஸ்ரின் அண்ணை கேட்கவும் இல்லை. அந்தப் பக்கத்தில் இப்போது தூரத்துக் கடல் மாதிரி ஒரு இரைச்சல் மட்டும். ஆனால் சுரம் ஒன்றாகிவிட்டது.

அவர் விரும்பிக் கேட்டது அதைத்தான். கிடைத்தபோது அதில் வேறு கஷ்டங்கள் இருந்தன. ஒற்றைக் காதுக்குச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. மண்டபத்தில் நூறு பேர் கதைத்தால் அவருக்கு எல்லாம் ஒரே கூழ். முதல்முறை எங்களோடு மறுபடி மேடையேறியபோது டிரம்ஸ் எங்கே, கிற்றார் எங்கே என்று பிடிபடாமல் தாளத்துக்கு முந்தி ஓடினார். பாதியில் நிறுத்திவிட்டு, சனத்தின் முன்னாலேயே கீபோட்டை மூடி வெளியே போய்விட்டார். நான் பின்னால் போனேன். கார் நிறுத்தும் இடத்தில் குளிருக்குள் மேற்சட்டை இல்லாமல் நின்றார்.

"உள்ளுக்கு வாங்கோ அண்ணை. குளிர் பிடிக்கும்."

"நான் வேற என்ன வேலைக்குப் போறது பத்மன்?" என்றார். "எனக்கு ஐம்பது கிட்டுது. பிறம்ரனில பெட்டி தூக்கவோ? நான் மாட்டன் எண்டு சொல்லேல்லை. என்னை எடுப்பாங்களோ?"

அவரை எடுத்தார்கள். ஒரு குளிர்காலம் முழுக்கப் பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கினார். பின்னால் வந்த பாரந்தூக்கி வண்டியின் மணி எந்தப் பக்கம் கேட்கிறது என்று தெரியாமல் ஒருநாள் அதன் வழியிலேயே திரும்பிவிட்டார். ஓட்டியவர் பிறேக் அடித்ததால் தோளில் சிராய்ப்போடு தப்பினார். மேலாளர் நல்ல மனிதர், இங்கே உன் உயிருக்கு நான் பொறுப்பெடுக்க முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அக்காதான் டெனிஸிடம் போனா. அகஸ்ரின் அண்ணைக்குத் தெரியாமல், வேலை முடிந்து பஸ் ஏறிப் போயிருக்கிறா. காதைப் பற்றி ஒளிக்காமல் எல்லாம் சொல்லியிருக்கிறா. டெனிஸ் கேட்டுவிட்டு, "இதை அண்டைக்கே சொல்லியிருந்தா ஹெட்போனில ஒரு பக்கத்தை நான் நிப்பாட்டியிருப்பனே" என்றாராம். அந்த வார்த்தையை வீட்டுக்கு வந்து சொன்னபோது அகஸ்ரின் அண்ணை எழும்பிக் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டினார். கன நேரம் கழித்து வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. மேற்சட்டையை எடுத்தார்.

தொண்ணூற்றாறாம் ஆண்டிலிருந்து அவர் டெனிஸின் ஸ்ரூடியோவில் மறுபடியும் கீபோட் வாசித்தார். ஹெட்போனை வலது காதில் மட்டும் போட்டு, இடது பக்கத்தைக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். இளம் பாடகர்கள் அதை ஒரு ஸ்ரைல் என்று நினைத்து அப்படியே போட்டுக்கொண்டார்கள். அங்கே தனியாக, ஒரு வாத்தியத்தை ஒரு நேரத்தில் பதிவதால் அவருக்குக் குழப்பமில்லை. கோயிலில் ஓர்கனும் திறந்தது. கலியாண மேடைகளுக்கு அவர் திரும்பவில்லை. ரொக் பாட்டை நின்று பாடுவதும் அத்தோடு போயிற்று. டக்கின் பாண்ட் எப்போது கலைந்தது என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

வருடத்துக்கு ஒருதரம் வலது காதைச் சோதிப்பார்கள். அந்த நாள் நெருங்கினால் அவர் சாப்பிடமாட்டார். தொண்ணூற்றொன்பதில் நான் கூடப் போனேன். கண்ணாடி அறைக்குள் அவர் சத்தம் கேட்கும்போதெல்லாம் கையை உயர்த்துவதை வெளியே இருந்து பார்த்தேன். பிறகு கை நெடுநேரம் உயரவில்லை. மடியிலேயே கிடந்தது. சோதித்த பெண் கருவியில் ஏதோ திருகினா. இன்னும் உயரவில்லை. நான் என் கையைத் தூக்கிவிடுவேனோ என்றிருந்தது.

மேல் சுரங்கள் கொஞ்சம் குறைந்திருக்கின்றன என்றார் டொக்டர். வயதாக இருக்கலாம், மற்றக் காதைப் போல ஏதாவதாகவும் இருக்கலாம், இப்போது சொல்ல முடியாது.

காரில் ஏறியதும் காரோட்டும் நான் அவருடைய கேட்காத இடப்பக்கம் இருந்ததால் முகத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்: "டெனிஸிட்டப் போறதுக்கு முன்னம் பேர்ணடெற்றின்ர வேலையிடத்துக்கு விடும்."

முதியோர் இல்லத்தின் பின்கதவால் அக்கா ஏப்ரனோடு வெளியே வந்தா. கையில் ஈரம். அவர் வழியில் ஒத்திகை பார்த்த மாதிரி ஒன்றும் மறைக்காமல் சொல்லிமுடித்தார். அவ கைகளை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே கேட்டா.

"எவ்வளவு காலத்துக்கு எண்டு சொன்னவையோ?"

"சொல்லேல்லை."

"கன காலமும் இருக்கலாமோ?"

"இருக்கலாம்."

அவ கொஞ்ச நேரம் குப்பைத் தொட்டிகள் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றா. "இண்டைக்கு என்ன வேலை டெனிஸிட்ட?"

"சின்னப் பிள்ளையளின்ர ரீவி நிகழ்ச்சி ஒண்டுக்கு. ஆடு, கோழி எல்லாம் வருமாம்."

"அப்ப போய் வாசியுங்கோ" என்றா அக்கா. "நாலரைக்கு எனக்கு வேலை முடியும். நான் அங்க வாறன்."

நாங்கள் போனோம். டெனிஸ் ஏற்கனவே மைக்குகளை வைத்துவிட்டுக் காத்திருந்தார். அன்றைக்கு அகஸ்ரின் அண்ணை ஆட்டுக்கு ஒரு மெட்டு, கோழிக்கு ஒரு மெட்டு வாசித்தார். கோழியின் மெட்டை அவரே மூன்று தரம் மாற்றினார், திருப்தி வரவில்லை என்று. நான் சுவரோரம் இருந்தேன். நாலரை தாண்டிக் கொஞ்சத்தில் அக்கா வந்து, சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு, என் பக்கத்துக் கதிரையில் இருந்தா. அவர் எங்களைக் காணவில்லை. வாசித்துக்கொண்டிருந்தார்.